ரெம்பாவ் தோட்டங்கள்: காமிராவும் கையுமாக ஒரு வாரக் கடைசி

ரெம்பாவ், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்பகுதியில் மலாக்கா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மாவட்டம். ரப்பரும் செம்பனையும் பழத்தோப்பும் கம்போங் வீடுகளும் மாறி மாறி வரும் நிலம். திராட்சைத் தோட்டத்தில் படம் எடுத்து, மாலையில் அங்கேயே ஒயின் சுவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும் பயணம் இப்போது பல நாடுகளில் பிரபலம். ரெம்பாவில் அது நடக்காது. ஒயின் திராட்சைக்கு ஆண்டில் ஒரு பருவம் குளிரோ வறட்சியோ வந்து கொடி ஓய்வெடுக்க வேண்டும். பழம் முற்றும் நேரத்தில் மழை பெய்யக் கூடாது. ரெம்பாவின் வானம் இந்த இரண்டையும் கொடுக்காது. ஆனால் அந்தப் பயணத்தின் இன்பம் திராட்சையில் மட்டும் இல்லை. நேர்க்கோட்டில் நட்ட மரவரிசை, விடிகாலை வெளிச்சம், கையால் நடக்கும் அறுவடை, புளித்துப் பக்குவமாகும் ஒரு சுவை ஆகிய நான்கும் ரெம்பாவில் உண்டு.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு சரித்திரத் தொடர்பும் இருக்கிறது. மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதலில் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கொன்யாக் பிராந்திக்குப் பேர்போன ஷராந்த் வட்டாரத்தில், பார்பெசியூ என்ற சிற்றூரில் பிறந்தவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். திராட்சைக் கொடி நாட்டுக்காரர் ஒருவர் தொடங்கி வைத்த மரம்தான் இன்று ரெம்பாவ் சாலைகளின் இருபுறமும் நிற்கிறது.

படம் எடுக்க வருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். பிப்ரவரியில் வருவதே சிறப்பு. மற்ற மாதங்கள் அதற்குப் பிறகுதான். ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஜனவரி பிற்பாதிக்கும் மார்ச்சுக்கும் நடுவில், இலை உதிர்க்கும். பச்சையைத் தவிர வேறு நிறம் அறியாத இந்த நாட்டில் அந்தச் சில வாரங்கள் மட்டும் தோட்டம் செம்பு நிறத்துக்கும் மஞ்சளுக்கும் மாறி, பிறகு மொட்டையாக நிற்கும். தரையில் கணுக்கால் அளவு சருகு. மேலே தடையில்லாத வானம். காலை வெளிச்சம் மரவரிசைக்கு ஊடே சாய்வாக இறங்கி, ஒவ்வொரு மரத்தின் நிழலையும் அடுத்த நிரைவரை நீட்டிக் காட்டும். மலேசியாவில் இதற்கு இணையான காட்சி வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம். கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகள் ஆயிரம் முறை எடுக்கப்பட்டுச் சலித்துப் போனவை; அங்கே போகிற வழியில் காத்துக் கிடக்கும் காடிகளின் வரிசையை நினைத்தாலே ரெம்பாவ் சொர்க்கமாகத் தோன்றும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வேறொரு வேடிக்கை. முற்றிய ரப்பர்க் காய் வெயிலில் காய்ந்து, துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையோடு பிளந்து விதையைத் தூர எறியும். பளபளப்பான, புள்ளியிட்ட அந்த விதைகளைத் தரையோடு படுத்துப் படமெடுத்தால் நல்ல படம் தேறும். இலை உதிர்ந்து மீண்டும் துளிர்க்கும் வாரங்களில் பல இடங்களில் பால் வெட்டை நிறுத்திவிடுவார்கள் அல்லது குறைப்பார்கள். எனவே ஆளில்லாத நிலக்காட்சி வேண்டுபவர் பிப்ரவரி நடுவில் வரலாம். வேலை நடப்பதைப் படமெடுக்க நினைப்பவர் மே முதல் செப்டம்பர் வரை வரலாம்.

வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ரெம்பாவில் சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்குப் பிறகுதான் தலை காட்டும். பால் வெட்டுபவர் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்துவிடுவார். குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். முந்தைய வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை விரலால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்து எடுப்பார். நாடாபோல நீண்டு வரும் அதைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு உளியை வைத்து, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிவாக இழுப்பார். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவும் பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆழம் தப்பி மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே முடிச்சு விழுந்து, மறுபடி வளரும் பட்டை பயனற்றுப் போகும். ஓரிரு நொடியில் வெட்டு முழுவதும் வெள்ளை முத்துகள் துளிர்த்து, ஒன்றோடொன்று கூடி, கோடாகி, தகரத் துண்டின் வழியாக மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், சொட்டத் தொடங்கும். ஒரு மரத்துக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

இந்த அரை நிமிடம்தான் படம். மின்னல் விளக்கைப் பயன்படுத்தினால் எல்லாம் கெடும். இருட்டும் போகும், வெட்டுபவரின் கண்ணும் கூசும், கை தவறும். தலைவிளக்கின் ஒளியே போதும். காமிராவின் உணர்திறனை 3200 அல்லது 6400-க்கு ஏற்றி, திறப்பு அகலமான ஒரு லென்ஸைப் போட்டால் முகமும் உளியும் மரப்பட்டையும் மட்டும் ஒளிர, மற்றதெல்லாம் கறுப்பில் கரையும். விடிந்த பிறகு சிக்கல் நேர்மாறு. பாலின் வெண்மை காமிராவை ஏமாற்றும். ஒளியளவை முக்கால் படி குறைத்துக்கொள்ளாவிட்டால் மங்கில் பால் இருப்பதற்குப் பதில் வெறும் வெள்ளை ஓட்டைதான் படத்தில் இருக்கும். நீண்ட கால்சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து மூன்றும் கட்டாயம். ரப்பர்க் காட்டுக் கொசு பகலிலும் கடிக்கும். அதன் வீரியத்தை வர்ணிக்கத் தேவையில்லை, பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு மழை பெய்திருந்தால் அன்று வெட்டு இல்லை, திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பெரிய தோட்டங்கள் நிறுவனச் சொத்து. வாசலில் காவலர் இருப்பார். வெள்ளிக்கிழமைக்குள் தோட்ட ஆபீசில் கேட்டு வைப்பது முறை. அதைவிட எளிய வழி சிறுதோட்டம். மலேசியாவின் ரப்பர் பரப்பில் மிகப் பெரும் பங்கு சிறுதோட்டக்காரர்களிடம்தான் இருக்கிறது. ரெம்பாவில் கம்போங் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவரிடம் முந்தைய நாள் மாலை நேரில் போய்க் கேட்டால், முகம் சுளிப்பவர் அரிது. ஆனால் பால் வெட்டுபவருக்குக் கூலி பாலின் எடையைப் பொறுத்தது. இன்னொரு முறை வெட்டுங்கள், இந்தப் பக்கம் திரும்புங்கள், சிரியுங்கள் என்று நிறுத்தி வைத்தால் அவர் வருமானத்தில் கை வைப்பதாகும். எட்ட நின்று எடுப்பது, எடுத்ததைக் காட்டுவது, விடைபெறும்போது கையில் ஏதாவது கொடுப்பது ஆகிய மூன்றும் மரியாதை.

பெரிய தோட்டங்களில் உளி பிடித்திருப்பவர் இப்போது பெரும்பாலும் தமிழர் அல்லர். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளத்தார் வந்துவிட்டார்கள். கங்காணி முறையில் கப்பலேறி வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். 1950-களில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோதே இந்தப் பெயர்ச்சி ஆரம்பம். அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய சங்கம் அது. பின்னால் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், செம்பனையை அழித்து வீடமைப்பு வந்தபோதும் தொழிலாளர் லயங்கள் காலியாயின. ஆள் போன பிறகும் இடம் பெயராமல் இருப்பது கோயில்தான். செம்போங் வட்டாரத்திலும் மற்ற தோட்டப் பகுதிகளிலும் மரநிழலில் தகரக் கூரையோடு நிற்கும் மாரியம்மன், முனியாண்டி கோயில்கள் வெள்ளிக்கிழமை மாலையில் திறந்திருக்கும். படம் எடுக்க மிக நல்ல இடங்கள் இவை. பூசாரியிடம் கேட்டுவிட்டு, கருவறையை விட்டுவிட்டு எடுக்கலாம். தோட்டத்தில் பிறந்த யாராவது ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தால் காமிராவை மூடி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பது புத்திசாலித்தனம். பெரட்டுக் களத்தில் விடிகாலை பெயர் கூப்பிட்ட கதையும் ஸ்டோரில் பால் நிறுத்த கதையும் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

செம்பனைத் தோட்டம் கண்ணுக்கு அலுப்பு. மேலிருந்து பார்த்தால் அழகு. உள்ளே போனால் ஒரே பச்சை இருட்டு. அறுவடை மட்டும் விதிவிலக்கு. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேல் வெகு உயரத்தில் மட்டையை அறுத்து, இருபது கிலோ எடையுள்ள குலையை வீழ்த்துவார்கள். அது விழும் அதிர்வு காலில் தெரியும். அருகே நிற்க வேண்டாம். தரையில் சிதறும் செம்மஞ்சள் பழங்களைக் கிட்டத்தில் எடுப்பதே பாதுகாப்பும் அழகும். இந்தப் பழம் உருவாவதற்குப் பின்னால் ஒரு வண்டு இருக்கிறது. 1981-இல் கேமரூனிலிருந்து மகரந்தம் பரப்பும் கூன்வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, பாளை பாளையாகத் தேடிப் போய்க் கையால் மகரந்தம் தூவியவர்கள் தோட்டத்துப் பெண்கள்.

கம்போங் பக்கம் திரும்பினால் மினாங்கபாவ் கூரைகள். 1773-இல் சுமத்ராவின் பகாருயோங்கிலிருந்து வந்த ராஜா மெலேவார் ரெம்பாவில் உள்ள பெனாஜிஸில்தான் முடிசூட்டப்பட்டார். நெகிரி செம்பிலானின் முதல் யாம் துவான் அவர். அவருடைய கல்லறை அஸ்தானா ராஜாவில் இருக்கிறது. கூட்டமில்லாத அமைதியான இடம். ரெம்பாவ் பட்டணத்தில் அவருடைய அரண்மனையின் மாதிரியாகக் கட்டிய மர வீடு அருங்காட்சியகமாக உள்ளது. மரச்செதுக்கும் சன்னல் ஒளியும் காலை பத்து மணிவாக்கில் நன்றாக விழும். இங்கே நடப்பது பெர்பாத்தே வழக்கம். குலமும் பூர்வீக நிலமும் தாய் வழியில் இறங்கும். எனவே வீட்டையோ தோப்பையோ படமெடுக்க அனுமதி கேட்பவர் வீட்டு அம்மாளிடம் கேட்பதே சரி. ஐயா தலையாட்டினாலும் சொத்து பெரும்பாலும் அவருடையது அன்று.

மலையேற நினைப்பவருக்குக் குனோங் டாத்தோ இருக்கிறது, 884 மீட்டர். உச்சிப் பாறையில் இரும்பு ஏணி ஏற, சனி ஞாயிறுகளில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வாரநாளில் போவதே மேல். பெடாஸ் வெந்நீர் ஊற்று நீர்க்கேளிக்கைப் பூங்காவாகிவிட்டது. காமிராவுக்கு அங்கே வேலை இல்லை.

இனி நாக்கின் கதை. சுவைக்க வந்தவர் ரெம்பாவில் மூன்று வேளையும் மசாக் லெமாக் சிலி பாடி சாப்பிட்டாலும் தப்பில்லை. தேங்காய்ப்பால், பச்சை மஞ்சள், ஊசிமிளகாய் மூன்றும் சேர்ந்த மஞ்சள் குழம்பு அது. புகையில் வாட்டிய மாட்டிறைச்சி இதன் புகழ்பெற்ற கூட்டு. மாடு சாப்பிடாதவர்கள் கோழியும் வாத்தும் கேட்கலாம், பிலிம்பிங் காய் போட்ட மீனும் உண்டு. காரம் முதல் கவளத்தில் தெரியாது. மூன்றாவது கவளத்தில் காது சூடாகும். தேங்காய்ப்பால் அதைத் தணித்துக்கொண்டே இன்னொரு கவளத்துக்குக் கூப்பிடும். பட்டணத்துக் கடைகளில் கிடைப்பதைவிட, கம்போங் சாலையோரம் மதியத்துக்கு மட்டும் திறக்கும் சோற்றுக்கடைகளில் கிடைப்பது பல மடங்கு உயர்ந்தது. ஒன்றரை மணிக்குள் போகாவிட்டால் சட்டி காலி.

ஒயினுக்கு ஈடான இடம் இங்கே தெம்போயாக்குக்குத்தான். டுரியான் சுளையில் உப்புப் போட்டுப் பிசைந்து, மூடி வைத்துச் சில நாள் புளிக்கவிட்டது அது. ஒயினில் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்குகிறது. தெம்போயாக்கில் பெரும் வேலையைச் செய்வது தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் நுண்ணுயிர். மூன்றாம் நாள் இனிப்பு மேலோங்கியிருக்கும். ஒரு வாரத்தில் புளிப்பு ஏறும். மாதம் கடந்தால் வெங்காயமும் பாலாடையும் கலந்த ஒரு கனத்த மணம். இப்படி மூன்று வெவ்வேறு பக்குவத் தெம்போயாக்கைப் பக்கம் பக்கமாக வைத்துச் சிறிது சோற்றோடு தொட்டுப் பார்ப்பது, எந்த ஒயின் சுவைப்பு மேசைக்கும் குறைந்ததன்று. சூடு பறக்கும் மீன் குழம்பில் இது விழுந்தால் கிடைக்கும் சுவை தனி. டுரியான் பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆண்டுக் கடைசியில் சில தோப்புகளில் ஒரு சிறு பருவமும் வரும். மரத்திலிருந்து தானாக விழுந்த கம்போங் டுரியானை அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

பருவத்தில் நெடுஞ்சாலை வெளியேறும் வழியருகே முளைக்கும் கடைகளில் எச்சரிக்கை தேவை. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அப்படியொரு கடையில் நடந்ததை நேரில் பார்த்தவர் கொதிக்காமல் இருக்க முடியாது. கிலோ விலை எழுதிய அட்டை ஒன்று. ‘மூசாங் கிங், வாங்க அண்ணே, தங்கச்சிக்கு ஒன்னு’ என்று தேன் ஒழுகும் அழைப்பு. பேரம் பேசும் முன்னரே நான்கு பழம் பிளந்தாயிற்று. பிறகு சொன்ன விலை அட்டையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அட்டை வேறு ரகத்துக்காம். சுளை வெளுத்து நார் நாராக இருந்தது. மறுத்தபோது பிளந்த பழத்துக்கு யார் பொறுப்பு என்று குரல் உயர்ந்தது. குழந்தைகள் பயந்து காடிக்குள் ஓடின. பெரியவர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் தொடாமலே போனார். டி197 என்ற எண்ணில் பதிவான உண்மையான மூசாங் கிங் பழத்தின் அடிப்பகுதியில் முள்ளில்லாத நட்சத்திர வடிவக் கோடுகள் இருக்கும். சுளை மஞ்சள்தூள் நிறத்தில் இருக்கும். நிறுத்து, விலையைக் கணக்கில் பார்த்து, அதன்பின் பிளக்கச் சொல்வதே விதி. அதைவிட, தோப்பு வைத்திருக்கும் வீட்டு வாசலில் வாங்கினால் இந்த வம்பே இல்லை.

கள்ளைப் பற்றிக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். தோட்டத்துக் கள்ளுக்கடை ஒரு காலத்தில் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டிலேயே நடந்தது. கொடுத்த கூலி மாலையில் கல்லாவுக்கே திரும்பியது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. எனவே கள் இங்கே வெறும் பானம் மட்டும் அன்று. ஒரு பெரிய வழக்கின் பெயர். இன்று உரிமம் பெற்ற கடைகள் நாட்டில் அருகிவிட்டன. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதநீர் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகும்; மறுநாள் வினிகராகும். ஆகவே பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து, தோட்டத்துக் கள் என்று சொல்லிச் சாலையோரம் நீட்டப்படுவது எதுவாக இருந்தாலும் அது கள்ளாக இருக்க வாய்ப்பு குறைவு. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் மாண்டது மறக்கக் கூடியதன்று. வாங்க வேண்டாம்.

ஒயின் புட்டியைச் சிரம்பான் பேரங்காடியில் வாங்கி, பட்டணத்தில் தங்கினால் அறையில் அருந்துவதற்குத் தடையில்லை. முஸ்லிம் அல்லாதவர், 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து இந்த வயது வரம்பு. கம்போங்கிலும் தோப்பிலும் புட்டியைத் திறப்பது பண்பன்று. டுரியானோடு மதுவைச் சேர்க்கக் கூடாது என்ற பழைய பேச்சுக்கு ஆதாரமும் உண்டு: ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் மதுவைச் செரிக்கும் ஒரு நொதியின் வேலையை டுரியான் தடுப்பது சோதனைக்கூடத்தில் தெரிந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 2020 திருத்தச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும்.

போக்குவரத்து: கோலாலம்பூரிலிருந்து காடியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, பெடாஸ்–லிங்கி வழியில் இறங்க வேண்டும். கொமுட்டர் ரயில் சிரம்பான் தாண்டி ரெம்பாவில் நிற்கும். மலிவானது, மெதுவானது, நேரம் பார்த்து ஏற வேண்டும். ஆனால் விடியற்காலைத் தோட்டத்துக்குச் சொந்த வண்டி இல்லாமல் போய்ச்சேர முடியாது. வெள்ளிக்கிழமை இரவே வந்து கம்போங் விருந்தினர் இல்லத்தில் தங்குவது உத்தமம். செலவில் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் அறைக்கும்தான், சாப்பாடு மலிவு.

திராட்சைக் கொடியையே படமெடுக்க வேண்டும், பீப்பாய் ஒயினையே சுவைக்க வேண்டும் என்பவர் தாய்லாந்தின் ஹுவா ஹின்னுக்கோ காவ் யாய்க்கோ போகலாம். இந்தியாவில் நாசிக்கும் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரமும் உண்டு. பந்தலில் தொங்கும் கருப்புக் குலை மட்டும் போதுமென்றால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. ரப்பர் பார்க்க நினைப்பவர் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பால் வெட்டி முடிந்த மரம் இருபத்தைந்து, முப்பது வயதில் அறைகலன் ஆலைக்குப் போய்விடும். அந்த இடத்தில் மறுபடி ரப்பர் நடுபவர் ரெம்பாவில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.